மாமா, வைஃபை காணோம்

2023 ஜூன் 17, சனி

அக்கா மகளுக்குக் கல்லூரி திறக்கப்போகிறது. புது லேப்டாப்புக்கு இப்போது கையில் காசில்லை என்று அக்கா சொன்னாள். என் பழைய லேப்டாப்பைத் தூசி தட்டி எடுத்தேன். 2014-இல் வாங்கியது, விண்டோஸ் திறப்பதற்குள் ஒரு டம்ளர் காபி குடித்துவிடலாம். லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 12 வந்து ஒரு வாரம்தான் ஆகிறது, அதையே போட்டேன். ஒலி, கேமரா, டச்பேட் எல்லாம் சொல்லாமலே வேலை செய்தன. வைஃபை மட்டும் இல்லை.

டெர்மினலில், உள்ளே என்ன வன்பொருள் இருக்கிறது என்று காட்டும் எல்எஸ்பிசிஐ கட்டளையை அடித்துப் பார்த்தேன். வைஃபை சிப் பிராட்காம் பிசிஎம்43142. அட, பழைய கூட்டாளி! 2009-இல் இதன் அண்ணன் 4312-ஐ ஓட்டிக்காட்டியவன் நான். நாளைக்குக் காலையில் பத்து நிமிட வேலை.

ஜூன் 18, ஞாயிறு

பத்து நிமிடம் அல்ல, முழு ஞாயிறும் போனது.

4312-க்கு, சிப்பை இயக்கும் பி43 என்ற திறந்தமூல டிரைவர் உண்டு. சில தன்னார்வலர்கள் மூடிய டிரைவரைப் பிரித்து ஆராய்ந்து சிப் எப்படி இயங்குகிறது என்று குறிப்பு எழுத, அந்த டிரைவரைக் கண்ணாலும் பார்க்காத வேறு சிலர் குறிப்பை மட்டும் வைத்துப் புதிதாக நிரல் எழுதினார்கள். பதிப்புரிமைச் சிக்கல் வரக்கூடாது என்று இந்த ஏற்பாடு. அந்த டிரைவரின் முதல் வடிவம் 2006-இல் லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் வந்தது. கார்டுக்குள்ளேயே ஓடும் நிரலான ஃபர்ம்வேரை மட்டும் தனியாக வெட்டி எடுத்துப் போட வேண்டும். அன்று அதைத்தான் செய்தேன், இன்றும் அதையே செய்தேன். போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் போட்டு, ஃபர்ம்வேரை இறக்கி, ரீபூட் செய்து, மறுபடி ரீபூட் செய்து... ஒன்றும் நடக்கவில்லை.

ராத்திரிதான் ஒழுங்காக உட்கார்ந்து படித்தேன். பி43 ஆதரிக்கும் சிப்களின் பட்டியலில் 43142 கிடையாது. அண்ணனுக்குத் தைத்த சட்டையைத் தம்பிக்கு மாட்டிப் பார்த்திருக்கிறேன்.

ஜூன் 20, செவ்வாய்

இதற்கு இருப்பது டபிள்யூஎல் என்ற டிரைவர்தான். நடுவில் திறக்க முடியாத ஒரு கட்டி, சுற்றிலும் அதைக் கெர்னலோடு ஒட்டவைக்கும் திறந்த நிரல். அந்தக் கட்டி 2015-க்குப் பிறகு மாறவில்லை. கெர்னல் மாற மாற, ஒட்டுகிற பகுதியை மட்டும் டெபியன்காரர்கள் செப்பனிட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

இங்கே நான் ஏமாந்த இடம் ஒன்று உண்டு. டெபியன் போன வருடம் ஓட்டெடுப்பு நடத்தி, கட்டற்றதல்லாத (மூலநிரல் திறக்கப்படாத) ஃபர்ம்வேரையும் 12-ஆம் பதிப்பிலிருந்து நிறுவியிலேயே சேர்த்துவிட்டது. அப்படியென்றால் என் கார்டுக்கு வேண்டியதும் உள்ளேதான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். ஆனால் ஃபர்ம்வேர் என்பது கார்டுக்குள் போய் ஓடுவது. டபிள்யூஎல் கெர்னலுக்குள் ஓடும் டிரைவர். அது வேறு பிரிவில், நான்-ஃப்ரீயில் இருக்கிறது. அந்த வார்த்தையை, தொகுப்புகள் எங்கிருந்து இறங்க வேண்டும் என்று சொல்லும் மூலப்பட்டியலில் நானேதான் எழுதிச் சேர்க்க வேண்டும்.

சேர்த்தேன். தொகுப்பு இறங்கியது, பிழை எதுவும் காட்டாமல் முடிந்தது. வைஃபை இல்லை. திரையை மேலே தள்ளிப் பார்த்தால், நடுவில் சாதுவாக ஒரு வரி: கெர்னல் ஹெடர்கள் இல்லாததால் கட்டுவது தவிர்க்கப்பட்டது. டிரைவரைக் கெர்னலுக்கு ஏற்றபடி கட்ட அந்த ஹெடர் கோப்புகள் வேண்டும். இதைச் சிவப்பில் காட்டினால் என்ன?

ஓடிக்கொண்டிருந்த கெர்னல் 6.1.0-9. அந்த எண்ணுக்கான ஹெடர் தொகுப்பைப் போட்டேன். டிரைவர் கட்டி முடிந்தது. அதைக் கெர்னலில் ஏற்றப் போனால், ‘சாவி நிராகரிக்கப்பட்டது’ என்கிறது.

சரி, தூங்கப் போகிறேன்.

ஜூன் 21, புதன்

காரணம் செக்யூர் பூட், நம்பகமான கையெழுத்து இல்லாத நிரலை ஏறவிடாத பூட்டு. அதை அணைத்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனால் சின்னப் பெண் கல்லூரிக்குத் தூக்கிப்போகிற இயந்திரம், இருக்கிற பூட்டை ஏன் கழற்ற வேண்டும்? முறையாகவே செய்தேன். டிரைவரைக் கட்டும்போது, அந்த வேலையைச் செய்யும் டிகேஎம்எஸ் என்ற கருவி தன் சாவியால் கையெழுத்துப் போட்டுவைத்திருக்கிறது. அந்தச் சாவியைப் பதிவு செய்யச் சொல்லி, ஒரு கடவுச்சொல் கொடுத்து, ரீபூட் செய்ய வேண்டும். அப்போது ஒரு நீலத் திரை வரும். பத்து எண்ணுவதற்குள் ஏதாவது ஒரு விசையை அழுத்தாவிட்டால் அது பாட்டுக்குப் போய்விடும்.

முதல் தடவை கேஸில் பால் பொங்குகிறதே என்று எழுந்து போனேன். பாலும் போச்சு, திரையும் போச்சு.

இரண்டாம் தடவை விசைப்பலகையில் விரலை வைத்துக்கொண்டே காத்திருந்தேன். நீலத்தில் நாலு வரி. பதிவு செய், தொடர், ஆம், கடவுச்சொல். ரீபூட். மூலையில் விசிறி மாதிரி அந்தச் சின்னம்! எங்கள் வீட்டு வைஃபை, எதிர்வீடு, கீழ்வீடு என்று வரிசையாகப் பெயர்கள். எங்கள் ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் பெயரை மட்டும் காணோமே என்று மறுபடி வயிற்றைக் கலக்கியது. அப்புறம்தான் ஞாபகம் வந்தது, இந்தக் கார்டுக்கு 2.4 மட்டும்தான் தெரியும்.

ஜூலை 8, சனி

காலை ஏழு மணிக்குப் போன். “மாமா, வைஃபை காணோம்.”

“என்னம்மா பண்ணின?”

“ஒண்ணும் பண்ணல மாமா. அப்டேட் கேட்டுச்சு, சரின்னு கொடுத்தேன்.”

சரியாகத்தான் செய்திருக்கிறாள். தப்பு என்னுடையது. பாதுகாப்புத் திருத்தத்தோடு கெர்னல் 6.1.0-10 ஆகியிருக்கிறது. நான் போட்டதோ 9 என்ற எண்ணுக்கு மட்டுமான ஹெடர். எண் இல்லாமல் ‘ஏஎம்டி64’ என்று மட்டும் முடியும் ஹெடர் தொகுப்பைப் போட்டிருந்தால், கெர்னல் எண் மாறும்போதெல்லாம் அதுவும் கூடவே மாறியிருக்கும். டிகேஎம்எஸ் தானாக டிரைவரைக் கட்டியிருக்கும்.

போனில் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி அடிக்கவைத்தேன். “லினக்ஸ், ஹைஃபன், ஹெடர்ஸ், ஹைஃபன்... அடிச்சிட்டியா?” அவள் போனின் டெதரிங்கில்தான் எல்லாம் இறங்கியது. ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி, அதில் என்னால் எவ்வளவு போச்சு என்று கணக்குச் சொன்னாள். டிரைவர் கட்டி முடியும்வரை இருவரும் பேசாமல் லைனில் இருந்தோம். சாவி ஏற்கெனவே பதிவில் இருந்ததால் நீலத் திரை வரவில்லை.

“வந்துடுச்சு மாமா. கேபிளைக் கழட்டிடலாமா?”

கழற்றச் சொன்னேன்.