எட்டுல மூணு மட்டும்

கும்பகோணம் பக்கம் எந்த சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனாலும் இப்பல்லாம் காபியோட, ஜீனிக்குப் பதிலா போடற சுக்ரலோஸ்ங்கற செயற்கை இனிப்பு இருக்கற ஒரு குட்டி டப்பாவும் வந்துடுது. எங்க சித்தப்பா கேட்டார், "ஏம்ப்பா, சுக்ரலோஸ ஜீனியிலேர்ந்துதான் செய்யறாங்களாமே, அப்பறம் எப்படி சக்கரை ஏறாம இருக்கும்?"

செய்யறது ஜீனியிலேர்ந்துதான், பொய் இல்ல. ஒரு ஜீனி மூலக்கூறுங்கறது குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் ஒண்ணா ஒட்டினது, அதுல எட்டு ஹைட்ராக்சில் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேந்த ஜோடி) இருக்கு, மூணை எடுத்துட்டு அந்த இடத்துல குளோரின் வச்சா சுக்ரலோஸ். கேக்க ஈசி, ஆனா வேண்டிய மூணுல மட்டும் வைக்கணுமே, அங்கதான் உயிர் போகும், ஏன்னா குளுக்கோஸ் பக்கத்து ஆறாம் கார்பன்ல இருக்கறது எல்லாத்துக்கும் முந்திக்கிட்டு ரியாக்ட் ஆகும், நமக்கு வேண்டாததே அதுதான். அதனால முதல்ல அதுல ஒரு அசிட்டைல் குரூப்ப (அசிட்டிக் ஆசிட்லேர்ந்து வர்ற ஒரு சின்ன அணுக்கூட்டம்) மாட்டிடுவாங்க, வேண்டாத வயலுக்கு மடைய அடைக்கற மாதிரி. அப்பறம் குளோரினேஷன், கடைசியில அசிட்டைல கழட்டிடறது. கார்போஹைட்ரேட் கெமிஸ்ட்ரியில பாதி வேலை இந்த மாட்டறதும் கழட்டறதும்தான், பிஎஸ்சியில ஓசசோன் படிகத்தோட (எந்தச் சர்க்கரைன்னு கண்டுபிடிக்க லேப்ல செய்யறது) நிறுத்திக்கறதால பசங்களுக்கு இது தெரியறதே இல்ல.

நாலாம் கார்பன்ல குளோரின் பின்பக்கமா வந்து ஒட்டறதால அந்த இடமே திரும்பிக்கும், குளுக்கோஸா இருந்த பாதி காலக்டோஸ் அமைப்புக்குப் போயிடும். இப்படி மாறினத நம்ம குடல் நொதியால வெட்ட முடியாது, பெரும்பகுதி அப்படியே வெளியேறிடும், ஆனா நாக்குக்கு மட்டும் ஜீனிய விட சுமார் 600 மடங்கு இனிப்பு. 1976ல லண்டன்ல ஷஷிகாந்த் பட்னிஸ்ங்கற நம்ம நாட்டுக்காரர் நாக்குல வச்சுப் பாத்துதான் இந்தக் குடும்பத்தோட இனிப்பே தெரிய வந்துச்சு (லேப்ல யாரும் இத செய்யாதீங்க).

கெமிக்கல்னாலே சித்தப்பா முகம் சுளிக்கறார். சித்தி பாதுஷா பாகுல எலுமிச்சம்பழம் பிழியறாங்களே, அது என்னவாம்? ஆசிட் சூட்டுல ஜீனிய குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ்னு ரெண்டா ஒடைக்குது, அது கலந்து நிக்கறதால பாகு பூத்துப் போகாம இருக்கு.

சுக்ரலோஸ வச்சு அந்தப் பாகு காய்ச்சலாமான்னு கேட்டா, முடியாது. ஒரு கிலோ ஜீனியோட இனிப்புக்கு ரெண்டு கிராம் கூட வேண்டாம், ரெண்டு கிராமுல எங்கேர்ந்து கம்பிப் பதம் பாக்கறது? அதனாலதான் சுகர்ஃப்ரீ ஸ்வீட்டுல கனத்துக்கு சார்பிட்டால் மாதிரி எதாவது சேக்கறாங்க, அது குளுக்கோஸ்ல நிக்கல் வினையூக்கி வச்சு ஹைட்ரஜன் ஏத்தினது. நாலு துண்டு ஜாஸ்தியா தின்னா வயித்தால போகும், சித்தப்பாகிட்ட இத சொல்லியாச்சு.