முதல் க்ரூஸ்: எந்தக் கப்பல்ல ஏறலாம்?

2025 ஜனவரி 12, ஞாயிறு

இந்த சம்மருக்கு இந்தியா போகலன்னு முடிவாயிடுச்சு, நாலு டிக்கெட்டோட விலைய பாத்ததும் அவரு பேசாம லேப்டாப்ப மூடிட்டாரு. அப்பன்னா க்ரூஸ் (கப்பல்லயே தங்கி ஊர் சுத்தற டூர்) போலாம்மான்னு சின்னவன் ஆரம்பிச்சான், அவனுக்கு 13. சொல்லி வாய மூடல, பெரியவ (16) ஃபோன்ல ஐகான் ஆஃப் தி சீஸ் வீடியோவ நீட்டுறா. போன வருஷம் ஜனவரில வந்த கப்பல், 20 மாடி, இன்னிய தேதிக்கு உலகத்துலயே பெருசாம், பாக்க கண்ணு ரெண்டு பத்தல தான். ஆனா அது கிளம்பறது மயாமில, அதுவும் ஏழு ராத்திரி. நாங்க இருக்கறது ஹூஸ்டன் பக்கம் கேட்டிங்கற ஊர்ல. கப்பல் காசு போக நாலு பேருக்கு ஃப்ளைட், அதுவும் ஃப்ளைட் லேட்டானா கப்பல் நமக்காக நிக்காதுன்னு முந்தின நாளே போய் ஹோட்டல் எடுக்கணும், அப்புறம் ஊபர், அப்புறம் ஏர்போர்ட் சாப்பாடு.

அவரு ஒரே வார்த்தைல சொல்லிட்டாரு, வீட்ட பூட்டுறதுல இருந்து திரும்பி வந்து தொறக்கற வரைக்கும் எல்லாம் சேத்து 3,500 டாலர், அதுக்குள்ள எந்த கப்பல் வருதோ அது. பெரியவ முகம் தொங்கிடுச்சு.

ஜனவரி 18, சனி

பொங்கல் கெட் டுகெதர். பேர்லேண்ட்ல இருக்கற அக்கா நிறைய தடவ க்ரூஸ் போனவங்க, அவங்கள ஓரமா புடிச்சு உக்கார வச்சுட்டேன். "டிக்கெட் வெலய பாத்து ஏமாறாத, எறங்கும்போது ஒரு பில்லு வரும் பாரு, அதையும் கூட்டிப் பாத்துட்டு பேசு"ன்னாங்க. அப்புறம், "பக்கத்துல கால்வெஸ்டன வச்சுக்கிட்டு எதுக்குடி ஃப்ளோரிடாவுக்கு பறக்கற?"

உண்மைதான். கால்வெஸ்டன் துறைமுகம் நம்ம வீட்ல இருந்து கார்ல ஒன்றரை மணி நேரம், கூட கொஞ்சம் ட்ராஃபிக். பீச்சுக்கு போறப்பல்லாம் அந்த கப்பல்கள தூரத்துல பாத்திருக்கோம், அது நமக்கானதுன்னு தோணினதே இல்ல. ஃப்ளைட்டும் இல்ல ஹோட்டலும் இல்லன்னா பட்ஜெட்ல ஆயிரத்துக்கு மேல மிச்சம். ஜனவரில இருந்து மார்ச் வரைக்கும் வேவ் சீசன்னு சொல்வாங்களாம், கப்பல் கம்பெனிங்க எல்லாம் போட்டி போட்டு ஆஃபர் விடற நேரம், இப்பவே பாக்க ஆரம்பின்னாங்க. சர்க்கரைப் பொங்கல் ரெண்டு கப் உள்ள போனதுக்கு அப்புறம் கேட்ட அட்வைஸ், இருந்தாலும் எல்லாம் ஞாபகம் இருக்கு.

ஜனவரி 26, ஞாயிறு

கால்வெஸ்டன்ல இருந்து கிளம்பறதுல எங்க கண்ணுல பட்டது நாலு. கார்னிவல் ஜூபிலியும் ஹார்மனி ஆஃப் தி சீஸும் ஏழு ராத்திரி, புதுசு, பெருசு, விலையும் அப்படித்தான், தள்ளியாச்சு. கார்னிவல் ப்ரீஸும் (2012) மரைனர் ஆஃப் தி சீஸும் (2003) நாலு இல்ல அஞ்சு ராத்திரி போறது. முதல் தடவைக்கு அஞ்சு ராத்திரி போதும், யாருக்கு வாந்தி வரும் யாருக்கு போர் அடிக்கும்னே தெரியாம ஏழு நாள் நடுக்கடல்ல மாட்டிக்க வேண்டாம்.

இன்னிக்கு ராத்திரி ஃபுல்லா கேபின் கணக்கு. ஒரே ரூம்ல நாலு பேர்னா மூணாவது நாலாவது ஆளுக்கு டிக்கெட் கம்மி, ஆனா வரியும் துறைமுகக் கட்டணமும் எல்லாருக்கும் ஒண்ணுதான், அதுல சின்னவங்க பெரியவங்க கிடையாது. ப்ரீஸ்ல ஜூன் முதல் வாரம் ஜன்னல் இல்லாத இன்சைட் கேபின் ஒண்ணுல நாலு பேருக்கு 2,300 கிட்ட காட்டுது. அதையே பக்கத்து பக்கத்துல ரெண்டு இன்சைட் கேபினா எடுத்தா 2,680. நடுவுல 380 டாலர். அவரு ஒண்ணே போதும்ங்கறாரு, மேல இருந்து கட்டில் இறங்குமாம், ட்ரெயின் பெர்த் மாதிரி ஜாலியா இருக்குமாம். நான் கேட்டது ஒரே கேள்வி, காலைல அந்த ஒரு பாத்ரூம்ல உங்க பொண்ணு முக்கால் மணி நேரம் நின்னா மத்த மூணு பேரும் எங்க போறது? பதில் வரல. ஏழெட்டு வயசு குழந்தைங்கன்னா ஒரு ரூம்ல அடங்கிடலாம், டீனேஜ் பிள்ளைங்க இருக்கற வீட்டுக்கு ரெண்டாவது பாத்ரூம் ஆடம்பரம் இல்லங்கறது என் கட்சி. பால்கனி வேணா ஆடம்பரம், கடல பாக்க மேல டெக் இருக்கு, அது ஃப்ரீ.

இன்னொன்னு அக்கா சொன்னது, நாலு பேர் தங்கற ரூம் எண்ணிக்கைல கம்மி, சீக்கிரம் தீந்துடும். லைஃப்போட்ல இத்தன பேர்னு கணக்கு இருக்கறதால ரூம் காலியா இருந்தாலும் கூட ஆள் சேக்க மாட்டாங்களாம்.

பிப்ரவரி 2, ஞாயிறு

வீட்ல ஓட்டெடுப்பு. சின்னவன் மரைனர், ஏன்னா அதுல சர்ஃபிங் பண்ற ஃப்ளோரைடர் இருக்கு, ஐஸ் ஸ்கேட்டிங் வேற இருக்கு, நடுக்கடல்ல ஐஸ் ஸ்கேட்டிங் யோசிச்சு பாரும்மா. நியாயம்தான், எனக்கே ஆசையா இருக்கு. ப்ரீஸ்ல வாட்டர் ஸ்லைடு, கயித்து மேல நடக்கற ரோப்ஸ் கோர்ஸ், மினி கால்ஃப். பெரியவ ரெண்டுக்கும் உச்சு கொட்டிட்டு இருந்தா, அப்புறம் அவளே உக்காந்து படிச்சு ஒண்ணு கண்டுபிடிச்சா பாருங்க. மரைனர்ல டீன் கிளப் 13ல இருந்து 17 வரைக்கும் ஒண்ணுதான். ப்ரீஸ ஓட்டற கார்னிவல் கம்பெனில 12ல இருந்து 14 வரைக்கும் சர்க்கிள் சி, 15ல இருந்து 17 வரைக்கும் கிளப் ஓ டூன்னு தனித்தனி. "அம்மா, நான் எங்க போனாலும் இவன் பின்னாடியே வருவான், அதுக்கு நான் வீட்லயே இருக்கேன்." அதோட ஓட்டெடுப்பு முடிஞ்சுது. விலையும் அந்த வாரத்துக்கு ப்ரீஸ் தான் கம்மி, அதனால அவருக்கும் சந்தோஷம். சின்னவனுக்கு கோவம், ரெண்டு ஸ்லைடு வீடியோ காட்டினதும் கொஞ்சம் இறங்கினான்.

நாம ஸ்லைடு, மாடின்னு பாத்துக்கிட்டு இருக்கோம், இந்த வயசு பிள்ளைங்களுக்கு முதல் நாள் ராத்திரியே அவங்க வயசுல நாலு ஃப்ரெண்ட்ஸ் கெடச்சா போதும், அதுக்கப்புறம் நம்மள சாப்பாட்டு நேரத்துக்கு தான் பாப்பாங்கன்னு அக்கா சொன்னாங்க. ராத்திரி ஒரு மணிக்கு மேல 17 வயசு வரைக்கும் உள்ளவங்க பெரியவங்க இல்லாம வெளிய சுத்தக்கூடாதுன்னு கப்பல்லயே ரூல் இருக்காம், அத கேட்டதும் தான் அவரு நிம்மதியா காப்பி குடிச்சாரு.

பிப்ரவரி 9, ஞாயிறு

இறங்கும்போது வர்ற பில்லு. டிப்ஸ் 2025 கணக்குப்படி ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 டாலர், நாலு பேர் அஞ்சு நாள்னா 320, இது டிக்கெட் விலைல வராது, முன்னாடியே கட்டிடலாம். சாப்பாடு ஃப்ரீ, பர்கர் ஃப்ரீ, பீட்சா ஃப்ரீ, ஐஸ்க்ரீம் ஃப்ரீ, தண்ணி லெமனேட் ஃப்ரீ. சோடா காசு, வைஃபை காசு, ஃபோட்டோ காசு, ஆர்கேட் (வீடியோ கேம் ரூம்) காசு. ஆர்கேட் தான் ஆபத்து, ரூம் கார்டயே தேய்ச்சு விளையாடலாம், பையன் கைல பணம் போறதே தெரியாது. கெஸ்ட் சர்வீசஸ்ல சொன்னா பிள்ளைங்க கார்டுக்கு லிமிட் போட்டு குடுப்பாங்களாம், ஏறின உடனே முதல் வேலை அதுதான். சோடாவுக்கு ஒரு வழி இருக்கு, கப்பல் ஏறற நாள்ல ஆளுக்கு 12 கேன் வரைக்கும் கைப்பைல கொண்டு போகலாம், பாட்டில் கூடாது.

அவரு சைவம், அஞ்சு நாள் சாலட்டான்னு முதல்ல இருந்தே புலம்பல். டின்னர்ல இந்தியன் வெஜிடேரியன்னு கேட்டா தருவாங்க. நான் வழக்கம்போல சின்ன ரைஸ் குக்கரும் பருப்புப்பொடியும் எடுத்து வைக்கலாம்னு பாத்தேன், ரைஸ் குக்கர், கெட்டில், சூடு பண்ற எதுவும் கப்பல்ல ஏத்தக்கூடாது, தீ பயம். வீட்ல செஞ்ச சாப்பாடும் கூடாது, சீல் பிரிக்காத பாக்கெட் ஸ்நாக்ஸ் ஓகே. அதனால கடைல வாங்கின முறுக்கு பாக்கெட் நாலு, அவ்வளவுதான் நம்ம ஊர்.

பிப்ரவரி 21, வெள்ளி

புக் பண்ணியாச்சு! ரெண்டு இன்சைட் கேபின், கீழ் மாடி, கப்பலுக்கு நடுவுல. ஆட்டம் கம்மியா தெரியற இடம் அதுதான், விலையும் கீழ் மாடில தான் கம்மி, இப்படி ரெண்டும் ஒத்துப்போறது உலகத்துல அபூர்வம்.

பேப்பர் வேலை தான் கொஞ்சம் தலைவலி. பையன் இங்க பொறந்தவன், அமெரிக்க பாஸ்போர்ட். நாங்க மூணு பேரும் இந்திய பாஸ்போர்ட், எச் ஒன் பி (வேலை விசா), எச் ஃபோர் (அவங்க குடும்பத்துக்கு குடுக்கற விசா). போறது மெக்சிகோ மட்டும் (கோசுமெல், ப்ரோக்ரெசோ), செல்லுபடியாகற அமெரிக்க விசா பாஸ்போர்ட்ல இருந்தா மெக்சிகோவுக்கு தனி விசா வேண்டாம், எங்க விசா ஸ்டாம்பிங் போன தடவ சென்னைல போட்டது, இன்னும் இருக்கு. ஸ்டாம்ப் முடிஞ்சவங்க லாயர்கிட்டயும் கப்பல் கம்பெனிகிட்டயும் கேக்காம பணம் கட்டாதீங்க, திரும்ப வர்றப்ப அமெரிக்காவுக்குள்ள புதுசா நுழையற கணக்கு. வெளிநாடு போகாம சும்மா ஒரு சுத்து சுத்திட்டு வர கூடாதான்னு அவரு கேட்டாரு, இந்த கப்பல்லாம் வெளிநாட்டு கொடில ஓடறது, 1886ல போட்ட ஒரு சட்டத்தால ஒரு வெளிநாட்டு துறைமுகத்தயாவது தொட்டுட்டு தான் வரணும்.

ஜூன் மாசம்னதும் எனக்கு போன ஜூலைல வந்த பெரில் புயல் தான் ஞாபகம் வந்துது, கரண்ட் இல்லாம அந்த வெக்கைல கெடந்தத மறக்க முடியுமா. புயல் சீசன் ஜூன் 1ல ஆரம்பிச்சாலும் உச்சம் ஆகஸ்ட் நடுவுல இருந்து தான், ஸ்கூல் மூடின உடனே போறது நல்லது. இன்னொரு லாபம், கப்பல்ல வர்ற ஒவ்வொருத்தருக்கும் 42 டாலர் வரின்னு மெக்சிகோ அறிவிச்சிருந்துது, அத 2025 ஜூலை 1க்கு தள்ளி வச்சாங்க, நாம அதுக்கு முன்னாடியே போயிட்டு வந்துடுவோம்.

மார்ச் 15, சனி

மீதி பணம் கட்டியாச்சு, கிளம்பறதுக்கு ரெண்டரை மாசம் முன்னாடியே முழுசா கேக்கறாங்க. அது வரைக்கும் அவரு தினமும் காலைல ஷேர் மார்க்கெட் பாக்கற மாதிரி கேபின் விலைய பாத்துக்கிட்டு இருந்தாரு, ஒரு நாள் கொறஞ்சுது, உடனே ஃபோன், 60 டாலர் கப்பல்ல செலவு பண்ற கிரெடிட்டா கெடச்சுது. அத சொல்லி சொல்லி ரெண்டு நாள் ஓட்டிட்டாரு.

இப்ப சண்டை ப்ரோக்ரெசோல என்ன பண்றதுன்னு. பையனுக்கு சிச்சென் இட்சா பிரமிட் பாக்கணும், பஸ்ல போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம், ஜூன் வெயில், டிக்கெட்டும் நாலு பேருக்கு தாளிச்சுடும். அதுக்கு பதிலா பக்கத்துலயே த்சிபில்சால்தூன்னு ஒரு பழைய மாயா ஊர் இருக்கு, ஏழு பொம்மை கோயில்னு ஒண்ணு அங்க, கார்ல அரை மணி நேரம் தான். பேர சொல்ல வராட்டியும் அதுக்கே போறோம். கோசுமெல்ல டாக்சி புடிச்சு பீச், பெரியவ சாய்ஸ். ஃபோன் தானா டைம் மாத்திக்கும், கப்பல் டைம வாட்ச்ல வச்சுக்கங்கன்னு அக்கா மெசேஜ் போட்டிருக்காங்க, அதனால நாளைக்கு காஸ்ட்கோ போறப்ப அவருக்கு ஒரு சாதா வாட்ச் வாங்கணும், அவரு பழசு நின்னு ஒரு வருஷம் ஆச்சு.