புது லொறியின் இடது கதவு

லொறியை வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள் காலையில் அம்மாதான் முதலில் கண்டார். முன்பக்கத்தில் சந்தனம் வைக்கப் போனவர், அப்படியே நின்று என்னைக் கூப்பிட்டார். "இஞ்ச வாங்க மகன், புது லொறி கறள் பிடிச்சிருக்கு."

வெள்ளைக் கெபின். கிட்டப் போய்ப் பார்த்தால், கண்ணாடிக்குக் கீழேயும் கூரை விளிம்பிலும் ஊசி முனை அளவில் செம்மஞ்சள் புள்ளிகள். ஒன்று இரண்டல்ல, மிளகாய்த்தூள் சிந்தியது மாதிரி. நகத்தால் சுரண்டினேன், போகவில்லை. வயிற்றுக்குள் ஏதோ இறங்கியது. லீசிங்கின் முதல் தவணை கூட இன்னும் கட்டவில்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து ஐந்து வருடம் பழைய லொறியை வெல்டிங் பிடித்துப் பிடித்தே ஓட்டினவன் நான். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை வயல்களிலிருந்து நெல்லை மில்லுக்கும், மில்லிலிருந்து அரிசியைக் கடைகளுக்கும் ஏற்றுகிற வேலை. 2025 பெப்ரவரியில் இறக்குமதி திறந்ததும் பதினாலரை அடி லொறி ஒன்றுக்குப் பதிந்து, வைகாசிக் கடைசியில் கொழும்புப் பக்கத்து யார்டில் எடுத்தேன். நான் போய்ச் சேரும்போது பின்னேரம் ஆறு மணி, மழை தூறிக்கொண்டிருந்தது. நனைந்திருக்கிற பெயின்ட் எல்லாக் குறையையும் மறைக்கும் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. தண்ணீர்ப் படலம் கீறலையும் நிரப்பும், மங்கலையும் பளபளக்க வைக்கும். லொறியைச் சுற்றி ஒரு தரம் நடந்தேன், எஞ்சின் சத்தம் கேட்டேன், டயரை உதைத்தேன். "வாகனத்தை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளில் கையெழுத்தும் வைத்தேன். அந்த ஒரு வரி பிறகு என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. ஹபரணை, பொலன்னறுவை, வெலிக்கந்தை என்று இரவிரவாக ஓட்டி வந்து, விடியும்போது மாமாங்கப் பிள்ளையாரடியில் தேசிக்காய் வைத்து ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

சரி, புள்ளிகளைப் போட்டோ எடுத்து விற்பனைத் தம்பிக்கு வட்சப்பில் அனுப்பினேன். அரை மணி கழித்துப் பதில் வந்தது: "கடல் காத்தா இருக்கும் அண்ணன்." ஒரே இரவில் கடல் காற்றுக்குக் கறள் பிடிக்குமென்றால் கல்லடியில் ஒரு வாகனமும் மிஞ்சாது.

காத்தான்குடியில் முப்பது வருடமாகப் பெயின்ட் அடிக்கிற காக்கா ஒருவர் இருக்கிறார். முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். என் பழைய லொறிக்கு மூன்று தரம் அடித்தவர். அவரிடம் கொண்டு போனேன். அவர் ஒரு பொலித்தீன் உறைக்குள் கையை விட்டு, அந்தக் கையால் கூரையைத் தடவினார். என்னையும் தடவச் சொன்னார். வெறும் கைக்கு வழுவழுவென்று இருந்த இடம் பொலித்தீனுக்குள்ளால் சேண்ட் பேப்பர் மாதிரிச் சொரசொரத்தது.

"தம்பி, இது உங்கட லொறிர கறளில்ல. வேற எங்கயோ உள்ள இரும்புர கறள்."

கப்பலிலும் துறைமுக யார்டிலும் நிற்கிற வாகனங்களில் இரும்புத் தூள் வந்து படியுமாம். பக்கத்தில் எங்காவது கிரைண்டர் பிடித்தாலோ, ரயில் ஓடினாலோ போதும். அந்தத் தூள் பெயின்ட் மேல் ஒட்டி, ஈரம் பட்டதும் அது கறள் பிடிக்கும். அடியிலுள்ள தகடு நன்றாகத்தான் இருக்கும். ஒரு திரவத்தைத் தெளித்தார். ஒவ்வொரு புள்ளியும் ஊதா நிறமாகக் கரைந்து வழிந்தது. பார்க்கப் பயமாகவும் இருந்தது, ஆசையாகவும் இருந்தது. மிச்சத்தைச் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றி, கிளே என்கிற களிக்கட்டியால் தேய்த்து எடுத்தார். இரண்டு மணி நேர வேலை. "இதுக்காகக் கொம்பனியோட சண்டை பிடிச்சிருந்தா உங்களப் பார்த்துச் சிரிச்சிருப்பானுகள்" என்றார்.

நான் காசை எடுக்கும்போது அவர் இடது கதவடியில் குந்தியிருந்தார். கதவின் இறப்பர் பீடிங்கை விரலால் விலக்கிப் பார்த்தார். கறுப்பு இறப்பரில் நூல் அளவுக்கு வெள்ளைப் பெயின்ட். பிணைச்சல் போல்ட்டைக் காட்டினார். மூலையில் பெயின்ட் வெடித்து, சாவி போட்டுத் திருப்பிய தடம் இருந்தது. வலது கதவில் அப்படி இல்லை. ஒன்றும் சொல்லவில்லை, "இத மட்டும் கொஞ்சம் பார்த்துக்கங்க" என்றார்.

மூன்று கிழமை கழித்து முதல் சேர்விஸுக்கு விட்டேன். பிறஷர் தண்ணீர் அடித்துக் கழுவுகிற பையன் ஓடி வந்தான். இடது கதவின் கீழ்ப்பக்கத்தில், ஐந்து ரூபாய்க் குற்றி அளவுக்குப் பெயின்ட் தோலாக உரிந்து தொங்கியது. நான் அதிர்ந்தது உரிந்ததற்காக அல்ல. உரிந்த இடத்தின் அடியில் இன்னொரு வெள்ளை, அதுவும் மினுமினுத்துக்கொண்டு இருந்தது. பளபளப்பான பெயின்டைத் தேய்க்காமல் அதன் மேலேயே அடித்தால் புதுப் பெயின்ட் எதைப் பிடித்து நிற்கும்? அதாவது ஃபக்டரியில் அடித்த பெயின்டின் மேல் யாரோ அவசரத்தில் இன்னொரு தட்டு அடித்திருக்கிறார்கள். நான் வாங்கினது புது லொறி, ஆனால் கதவு ஒரு தரம் கராஜ் பார்த்த கதவு.

வாகன மதிப்பீடு செய்கிற நண்பர் ஒருவரிடம் பெயின்டின் தடிப்பை அளக்கும் மீட்டர் இருந்தது. தகட்டில் வைத்தால் மைக்ரோன் கணக்கில் எண் காட்டும். ஃபக்டரிப் பெயின்ட் எல்லாத் தட்டும் சேர்த்துப் பெரும்பாலும் 100க்கும் 150க்கும் இடையில் நிற்கும். கூரை 112, வலது கதவு 118, முன்பக்கம் 109. இடது கதவின் மேல்பாதி 270. கீழ் மூலையில் வைத்ததும் 640. அந்த இடத்தின் நெளிவைப் புட்டி என்கிற பசையைப் பூசி நிரப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம். மீட்டர் இல்லாதவர்களுக்கு ஒரு வழி: சின்னக் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். தகட்டில் கவ்வும், புட்டி தடிப்பாக இருந்தால் வழுக்கி விழும்.

இனி என்ன செய்வது என்று ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். மச்சான் சொன்னான், "லொறிக்கு யாரும் அழகு பார்ப்பானா? நாளைக்கு மூட்டை ஏத்தினா எப்படியும் கீறத்தான போகுது." இன்னொருவர், எங்கேயோ இடித்ததாகச் சொல்லி இன்சூரன்ஸில் எடுக்கச் சொன்னார். பொய் ஒரு பக்கம், அடுத்த வருட இன்சூரன்ஸ் கட்டணத்தில் கிடைக்கிற கழிவும் போய்விடும். அது வேண்டாம்.

மச்சானுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். எங்கள் வீடு கடலுக்கும் வாவிக்கும் நடுவில். இரண்டு பக்கத்தாலும் உப்புக் காற்று. இங்கே பெயின்ட் என்பது தகட்டின் மழைக்கோட்டு. அது ஒரு இடத்தில் கிழிந்தால் கறள் உள்ளுக்குள் ஊர்ந்து போகும், வெளியே தெரியும்போது கை வைத்தால் ஓட்டை விழும். பழைய லொறியில் எவ்வளவு தகடு வெட்டி ஒட்டினேன் என்று எனக்குத்தான் தெரியும்.

உள்ளூர் முகவரிடம் போனேன். முதலில் "கழுவின விதம் பிழை" என்றார்கள். பிறகு கையெழுத்து வைத்த தாளைக் காட்டினார்கள். பிறகு கொழும்புக்குச் சொல்கிறோம் என்றார்கள். எல்லாம் வாய்ப்பேச்சு. இரண்டு கிழமை போன் எடுத்து எடுத்தே போனது. அப்போதுதான் புத்தி வந்து, எழுத ஆரம்பித்தேன்.

ஒரே ஒரு பக்கக் கடிதம். செசி இலக்கம், எடுத்த திகதி, மீட்டர் காட்டிய எண்கள், திகதி விழுந்த ஏழு போட்டோ. தமிழில்தான் எழுதினேன். "தீந்தை" என்ற சொல்லைப் பள்ளிக்கூடத்துக்குப் பிறகு அன்றுதான் பாவித்தேன். பதிவுத் தபாலில் கொம்பனியின் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். ஒரு பிரதி லீசிங் கொம்பனிக்கும் போனது. தவணை முடியும் வரை லொறியின் பதிவுப் புக்கில் முழு உரிமையாளர் அவர்கள்தானே, அவர்களுடைய சொத்தின் கதவு இது. அந்தப் பிரதிக்கு நான் நினைத்ததை விடப் பலம் இருந்தது.

பதில் வந்தது, ஆனால் வளைந்து வளைந்து. வர்த்தக வாகனம், வெளிப்பூச்சு உத்தரவாதத்துக்குள் வராது, பார்ப்போம். அப்போது எடுத்து இரண்டு மாதம் தாண்டிவிட்டது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடுவதானால் பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள், எழுத்தில் கொடுக்க வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். 1977 என்ற இலக்கத்துக்குப் போன் எடுத்துக் கேட்கலாம், ஆனால் முறைப்பாடு தாளில்தான் நிற்கும். "பார்ப்போம், பார்ப்போம்" என்று இழுக்கிறவர்களுக்கும் இந்த மூன்று மாதக் கணக்கு தெரிந்திருக்கும் என்று என் மனம் சொல்கிறது. எனக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது.

மாவட்ட அலுவலகத்தில் இருந்த அம்மணி கடிதக் கட்டை முழுதும் வாசித்தார். "இது தொழிலுக்கு எடுத்த லொறி, நான் பாவனையாளர் கணக்கில் வருவேனா மிஸ்?" என்று கேட்டேன். "காசு குடுத்துத்தானே வாங்கிப் பாவிக்கிறீங்க? அப்ப நீங்கள் பாவனையாளர்தான்" என்றார். இன்னொன்றும் கேட்டார்: "உங்களுக்கு என்ன வேணும் என்று ஒரு இடத்திலயும் எழுதல்லயே?" உண்மைதான். குறையை மட்டும் பக்கம் பக்கமாகச் சொல்லியிருந்தேனே தவிர, எனக்கு வேண்டியதைச் சொல்லவில்லை. அங்கேயே வாங்கில் இருந்து கடைசிப் பந்தியை எழுதினேன்.

முறைப்பாடு போய்ப் பத்து நாளில் கொம்பனியிலிருந்து ஒரு பரிசோதகர் வந்தார். நல்ல மனிதர். மீட்டரைத் தானும் வைத்துப் பார்த்தார், பிணைச்சலைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். யார்டில் நகர்த்தும்போது எங்கேயோ பட்டிருக்க வேண்டும் என்று ஒத்துக்கொண்டார். பிறகு, "முழுக் கெபினையும் புதுசா அடிச்சுத் தாறம் அண்ணன், ஒரு சதமும் வேணாம்" என்றார்.

கேட்க இனிமையாக இருந்தது. காக்காவுக்குப் போன் எடுத்தேன். அவர் கத்தினார்: "முழுசா அடிக்க விடாதீங்க தம்பி!"

காரணத்தைக் கேட்டபிறகு எனக்கும் விளங்கியது. ஃபக்டரியில் வெறும் கெபினைப் பெரிய தொட்டிக்குள் முக்கி, மின்சாரம் பாய்ச்சி அடித்தட்டைப் பிடிக்க வைப்பார்கள். கதவின் உள் மடிப்புக்குள்ளும் அது போகும். பிறகு 160 பாகைக்கு மேல் சூளையில் சுடுவார்கள். பிளாஸ்டிக், வயர், இறப்பர் எல்லாம் பூட்டிய லொறியை அந்தச் சூட்டில் வைக்க ஏலாது, எவ்வளவு நல்ல பெயின்ட் பூத் என்றாலும் 60 பாகை அளவில்தான் காய வைப்பார்கள். ஆக, முழுதாக அடிக்க விட்டால் நன்றாக இருக்கிற நாலு பக்கத்தையும் தேய்த்து, அதைவிடக் குறைந்த ஒன்றைப் பூசித் தருவார்கள். விற்கப் போகும்போதும், ஒரு கதவு அடித்த லொறிக்கும் முழுக் கெபினும் அடித்த லொறிக்கும் கேட்கிற விலை வேறு. முழுதும் அடித்திருந்தால் "பெரிய அடிபட்ட லொறி" என்றுதான் வாங்க வருகிறவன் நினைப்பான்.

நான் கேட்டது: இடது கதவு மட்டும். தகடு தெரியும் வரை உரித்து, புட்டியைக் கழற்றி, நெளிவைத் தட்டி எடுத்து, எபொக்சி பிரைமர், அதன் மேல் ஹார்ட்னர் கலந்த பெயின்ட். கதவுக்கு மூன்று வருட எழுத்து உத்தரவாதம். இன்னொன்று, வேலையை சிறுபோக அறுவடை முடிந்த பிறகுதான் செய்ய வேண்டும். ஆவணி முழுதும் நெல் ஓடும், லொறி கராஜில் நின்றால் லீசிங்காரன் காத்திருக்க மாட்டான். அதுவரை உரிந்த இடத்துக்குக் காக்கா தற்காலிகமாக பிரைமர் தொட்டு வைத்தார். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, பரிசோதகரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கினேன். லொறி நிற்கும் நாட்களுக்கு ஓட்டக் கூலி கேட்டேன், தரவில்லை. டீசல் காசு தந்தார்கள். அதில் தொங்கிக்கொண்டு நிற்க எனக்குப் பொறுமை இல்லை.

புரட்டாதியில் ஆறு நாள். எடுக்கப் போகும்போது காலை பத்து மணி வெயிலில் வைத்துப் பார்த்தேன், பொலித்தீன் உறை சட்டைப் பைக்குள். வலது கதவோடு ஒப்பிட்டால் தடிப்பு கொஞ்சம் கூடுதல், 165, 170. புட்டி இல்லை. மினுக்கத்தில் தோடம்பழத் தோல் மாதிரி லேசான சொரி இருந்தது, லொறிக்கு அது போதும். இந்தத் தரம் நீட்டிய தாளில், "இடது கதவு திருத்தப்பட்ட பின் பெற்றுக்கொண்டேன்" என்று எழுத வைத்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்து சேர இரவு எட்டாகிவிட்டது. வாசலில் மஞ்சள் பல்ப். அம்மா வந்து கெபினைச் சுற்றிப் பார்த்தார், இடது பக்கம் வந்ததும் நின்றார்.

"மகன், இந்தக் கதவு மட்டும் ஆட்டுப்பால் நிறம், மத்ததெல்லாம் மாட்டுப்பால் நிறம்."

மஞ்சள் வெளிச்சத்தில் பார்த்தால் அது சரிதான்.