'மன்ற'வைத் தேடி அட்டை போட்ட கதை

குறளை மறுபடி படிக்கும்போது 229-இல் தடுக்கி நின்றேன். "இரத்தலின் இன்னாது மன்ற நிரப்பிய தாமே தமியர் உணல்." சேர்த்து வைத்ததைத் தனியாக உட்கார்ந்து தின்பது பிச்சையெடுப்பதைவிடக் கொடுமை. சரி, நடுவில் அந்த 'மன்ற' எதற்கு?

தொல்காப்பியத்தில் இடைச்சொற்களைப் பற்றிப் பேசும் இடையியலில் ஒற்றை வரி விடை இருந்தது: "மன்றவென் கிளவி தேற்றம் செய்யும்." தேற்றம் என்றால் தெளிவு, உறுதி. நாம் 'கண்டிப்பா', 'சத்தியமா' என்கிறோமே, அது. கண்ணில் படும் 'மன்ற' ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பு அட்டை போடலாம் என்று இறங்கினேன்.

முதல் வாரம் சொதப்பல். கணினியில் தேடினால் மன்றம் வந்து நிற்கிறது. குறுந்தொகை 87-இல் "மன்ற மராஅத்த பேஎமுதிர் கடவுள்" என்பது ஊர்ப் பொதுவிடத்து மராமரத்தில் குடியிருக்கும் சாமி. உறுதிக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. கிடைக்க வேண்டிய குறள் 649-ஓ சிக்கவே இல்லை. "காமுறுவர் மன்றமா சற்ற" என்று 'மன்ற'வை அடுத்த சொல்லோடு ஒட்டிச் சீர் பிரித்திருக்க, நான் இடைவெளி விட்டுத் தேடினால் எப்படி அகப்படும்? தேடலை மூடிவிட்டேன். இப்போது தினம் பத்துப் பாட்டு, கண்ணால்தான்.

அப்படிப் படித்ததில் குறுந்தொகை 66 என்னைப் பிடித்துக்கொண்டது. கார்காலத்தில் வருகிறேன் என்று போனவன் வரவில்லை; கொன்றை பூத்துவிட்டது. தோழி சொல்கிறாள்: "மடவ மன்ற தடவுநிலைக் கொன்றை." இந்தக் கொன்றைகளுக்கு நிச்சயமாகப் புத்தியில்லையாம், பருவம் தப்பிய மழையைக் கார் என்று நம்பிப் பூத்துவிட்டனவாம். உண்மையில் வந்தது கார்தான். தலைவியைத் தேற்றத் தோழி பொய் சொல்கிறாள், அந்தப் பொய்க்கு 'மன்ற' முட்டுக்கொடுக்கிறது! நாமும் மனசுக்குள் சந்தேகம் இருக்கும்போதுதானே 'சத்தியமா' என்று சத்தியம் பண்ணுகிறோம்?

நற்றிணை 34-இல் முருகனுக்கே திட்டு விழுகிறது: "கடவுள் ஆயினும் ஆக, மடவை மன்ற, வாழிய முருகே." திட்டுவது தோழி. தலைவியின் நோய் தன்னால் வந்ததில்லை, காதலால் வந்தது என்று தெரிந்தும், நோய் தீர்க்க வேலன் சாமியாடும் வெறியாட்டுக்கு வந்து நின்றதற்காக. திட்டிவிட்டு 'வாழிய' வேறு.

இன்னொன்றும் கவனித்தேன். இன்னாது மன்ற, காமுறுவர் மன்ற, மடவ மன்ற: என் அட்டைகளில் எல்லாம் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்த பிறகுதான் முத்திரை விழுகிறது. 'நிச்சயமா' என்று நாம் முன்னாலேயே ஆரம்பித்துவிடுகிறோம். சோதித்துப் பார்க்க அக்காவுக்கு "ஞாயிறு வருவேன் மன்ற" என்று அனுப்பினேன். "எந்த மன்றத்துக்குடா?" என்று பதில் வந்தது.