நெல் பழுப்பதற்குள் எடுத்தாக வேண்டிய சீன்

டெல்டா கிராமத்துக் கதை என்றால் சீரியல் யூனிட் அவுட்டோருக்கு வந்து இறங்க விரும்புவது கார்த்திகை, மார்கழியில். சம்பாப் பயிர் அப்போதுதான் கண் நிறையப் பச்சையாக நிற்கும். வடகிழக்குப் பருவமழையும் அதே சமயத்தில்தான். மழையில் நின்றுபோன ஷெட்யூலைத் தைக்குத் தள்ளினால் கதிர் பழுத்துத் தலை சாய்ந்திருக்கும். மாசியில் வந்தால் அறுத்த தாளும் உளுந்துச் செடியும்தான். ஆனால் கதையில், வரப்பில் நின்று அண்ணனும் தங்கையும் தொடங்கிய சண்டை இன்னும் முடிந்திருக்காது. வேறு வழியில்லாமல் ஃப்ரேமை இறுக்கி, பின்னால் தென்னையோ வானமோ மட்டும் வருகிற மாதிரி வைத்து முகத்தை எடுப்பார்கள். அந்த டைட் ஷாட்டில் நடிகரின் பிசகை மறைக்க எதுவும் இருக்காது.

ஒரு ஷாட்டில் இருந்தது அடுத்த ஷாட்டிலும் மாறாமல் இருப்பதுதான் கன்டினியூட்டி. சின்னத்திரை நடிப்பில் பெரும்பகுதி இதைக் காப்பாற்றுவதுதான். வசனம் அதற்கு அடுத்தபடி. மேலட்டூரில் நடக்கும் பாகவத மேளா நாட்டிய நாடகம் பார்த்து வளர்ந்தவருக்கும், ஊர்த் திருவிழா நாடகத்தில் வேஷம் கட்டியவருக்கும் இது உடனே பிடிபடாது. மேடைக்காரருக்கு முழு நாடகமும் மனப்பாடம். குரல் கடைசி வரிசை வரை போக வேண்டும். சீரியலில் சீன் பேப்பர் பல நாள் ஷாட்டுக்குச் சற்று முன்புதான் கைக்கு வரும். அசிஸ்டென்ட் டைரக்டர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று துண்டு துண்டாக ப்ராம்ப்ட் பண்ணுவார், அதை வாங்கிப் பேச வேண்டும். குரல் பிறகு டப்பிங்கில் ஏறும் என்பதால் அந்தச் சத்தம் கெடுதல் இல்லை.

கெடுவது கண்ணால். ப்ராம்ப்ட் வரும் பக்கம் பார்வை ஒரு நூல் நகர்ந்தாலும் ரீடேக். காது அங்கே, கண் லுக்கில் (பார்க்க வேண்டிய திசையில்) என்று பிரித்து வைக்கப் பழக வேண்டும். எதிரில் பேசும் நடிகர் டேட் இல்லாமல் வேறு வீட்டு ஷூட்டிங்கில் இருப்பார். லென்ஸுக்குப் பக்கத்தில் யாராவது நீட்டும் கைதான் மாமியார், அதுதான் புருஷன். சீன் முழுவதையும் அகலமாக எடுக்கும் மாஸ்டர் ஷாட்டில் வலப்பக்கம் பார்த்துப் பேசியவர் டைட் ஷாட்டில் இடப்பக்கம் பார்த்தால், எடிட்டிங்கில் இரண்டு பேரும் ஒரே திசை பார்த்துத் திட்டிக்கொள்வார்கள்.

‘வாய்க்கு வந்ததைப் பேசலாம், டப்பிங்கில் பார்த்துக்கொள்வார்கள்’ என்பதும் எடுபடாது. ப, ம வரும் இடத்தில் உதடு மூடுவது திரையில் அப்பட்டமாகத் தெரியும். ‘அம்மா போகட்டும்’ என்ற இடத்தில் ‘அவ கெடக்குறா’ என்று அசைத்து வைத்தால் டப்பிங் கலைஞர் எதைக் கொண்டு நிரப்புவார்? வசனம் முடிந்தவுடன் முகத்தைத் தளர்த்துவது இன்னொரு கோளாறு. ‘கட்’ வரும்வரை ஐந்தாறு விநாடியாவது அதே முகபாவத்தில் நிற்க வேண்டும். எபிசோடின் கடைசியில் உறைந்து நிற்கும் முகத்தை எடிட்டர் அந்த விநாடிகளில் இருந்துதான் எடுக்கிறார்.

பெண் நடிகர்களுக்குத் தலையில் இருக்கும் பூவே தனி வேலை. அவுட்டோர் வந்தால் ஆசையாகத் தஞ்சாவூர்க் கதம்பம் வாங்கி வைத்துவிடுவார்கள். வெள்ளை, பச்சை, ஆரஞ்சு என்று மாறி மாறிக் கட்டிய சரம், மதியத்துக்குள் வாடிவிடும். மாற்றுச் சரத்தில் நிறம் அதே வரிசையில் தோள்மேல் விழாது, ஷாட்டுக்கு ஷாட் பூ மாறும். நீளமான சண்டை சீன் இருக்கும் நாளில் முல்லையாகக் கேட்டு வாங்குவது நல்லது. இரண்டு முழம் என்றால் நாலு முழமாக வாங்கி, பாதியை ஈர வாழை இலையில் சுற்றி வைத்தால் சாயங்காலம் வரை ஓடும். புடவையும் பல தொடர்களில் நடிகர் கையில் இருந்துதான். காட்டன் ஒரு மணி நேரத்தில் கசங்கும், திருபுவனம் பட்டில் ஜரிகை லைட்டைத் திருப்பி அடிக்கும், நெருக்கமான கோடு போட்ட துணி கேமராவில் அலையடிக்கும். பச்சைப் புடவையை வயல் விழுங்கிவிடும்.

இதையெல்லாம் உதவி இயக்குநர் குறித்துக்கொள்கிறார்தான். ஆனால் ஒரே நாளில் ஒரு எபிசோடுக்கு மேல் எடுக்கும் இடத்தில் அவரை மட்டும் நம்புவது புத்திசாலித்தனம் இல்லை. ஒவ்வொரு சீன் முடிந்ததும் முழு உருவம், கழுத்து, கை, கால் என்று நாலு படம் செல்போனில். நோட்டில் ஒரு வரி: சீன் 14, மாம்பழ மஞ்சள் புடவை, வலது கையில் 6 வளையல், முல்லை 2 முழம், செருப்பு இல்லை, கீழ்க்கரையில் சேறு. அந்தச் சேற்றைச் சும்மா எழுதவில்லை. டெல்டாக் களிமண் காய்ந்தால் நிறம் வெளுக்கும். அடுத்த ஷெட்யூலில் வெளுத்த கறையோடு வந்தால் பொருந்தாது.

பேச்சைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வயல் கும்பகோணத்தில், வீடு அக்ரஹாரத்தில், வசனம் மட்டும் ‘வந்தாக, போனாக, அவுக’ என்று மதுரைப் பக்கம் போய்விடுகிறது. கிராமம் என்றாலே தென்பாண்டிப் பேச்சு என்று எழுதி எழுதிப் பழகிவிட்டது. திருவாரூர்க்காரர் தன் ஊர்க்காரராகவே நடிக்கும்போதும் அந்தப் பேச்சைத்தான் பேச வேண்டியிருக்கிறது. எரிச்சலாக இருந்தாலும் செட்டில் இதற்காக வாதாடி நேரம் கடத்துவதில் பயனில்லை.

கால்ஷீட் பெரும்பாலும் காலை 9 முதல் இரவு 9. ஷூட்டிங் வீடுகள் வளசரவாக்கம், சாலிகிராமம் பக்கம். தஞ்சாவூரில் உழவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியற்காலை சென்னை என்றாலும், ரயில் தாமதமானால் ஒன்பது மணி ஷாட் போச்சு; பல நடிகர்கள் சேர்ந்து வரும் முக்கியமான காம்பினேஷன் சீனுக்கு முந்தின நாளே போய்விடுவதுதான் வழக்கம். மாதத்தில் எத்தனை நாள் வேலை என்பதைக் கதை தீர்மானிக்கிறது, கதையை வியாழக்கிழமை வரும் டி.வி. ரேட்டிங் தீர்மானிக்கிறது. நல்ல கேரக்டர்கூட ஒரு வாரத்தில் வெளிநாடு போய்விடும். டேட் ஒத்துவராவிட்டால் ‘இவருக்குப் பதில் இவர்’ என்று ஒரு கார்டோடு முடிந்தது.

சம்பளம் நாள் கணக்கு. கைக்கு வர இரண்டு மாதம், மூன்று மாதம் ஆவது சகஜம். அதனால் சென்னையில் அறை எடுக்கும்போதே மூன்று மாத வாடகையும் சாப்பாட்டுச் செலவும் தனியாக இல்லாவிட்டால் தாக்குப்பிடிக்க முடியாது. வருமான வரிக்காக முன்கூட்டியே பிடிக்கும் டி.டி.எஸ். 10 சதவீதம் போகத்தான் கொடுப்பார்கள். பான் எண் கொடுக்காதவருக்கு 20. பிடித்தது தன் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். வருமானம் குறைவான ஆண்டில் கணக்குத் தாக்கல் செய்தால் அது திரும்பி வரும். செய்யாமல் விடுபவர்கள் நிறைய. கன்டினியூட்டி எழுதும் அதே நோட்டின் பின்பக்கத்தில் தேதி, வீடு, எத்தனை மணி வரை, யார் கூப்பிட்டார் என்று எழுதி வைத்தால், பாக்கி கேட்கும்போது ‘அந்த நாள் நீங்க வரலியே’ என்ற பேச்சுக்கு இடம் இருக்காது. தொடர் முடியப்போகிறது என்ற பேச்சு அடிபடும் வாரத்திலேயே மேனேஜரிடம் பாக்கி நாள்களைச் சொல்லி வாட்ஸ்அப்பிலாவது ஒப்புதல் வாங்கிவிட வேண்டும். யூனிட் கலைந்த பிறகு அவர் வேறு கம்பெனியில் இருப்பார், பழைய கணக்கு அவர் கையில் இருக்காது.