எந்த வரியில் இருக்கிறது?

நம் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலம் படித்தவர்களுக்கு இந்தத் தலைப்பைப் பார்த்ததுமே மிஸ்ஸின் குரல் காதில் கேட்டிருக்கும். என்ன விடை சொன்னாலும் அவர் அடுத்துக் கேட்பது அதைத்தான். இப்போது நம் பழைய மாணவர் சங்கத்தில் பலருடைய பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பை எட்டிவிட்டார்கள். சிங்கப்பூரோ துபாயோ, எந்தப் பாடத்திட்டமானாலும் கதை, கவிதை, நாடகம் மூன்றும் இருக்கத்தான் செய்கின்றன. அந்த வகுப்பு வாராவாரம் நடந்த முறையை விரிவாகவே எழுதிவைத்தால் அவர்களுக்கும் உதவும்.

நமக்கிருந்த புத்தகங்கள் இரண்டு. மத்திய அரசின் பாடநூல்களைத் தயாரிக்கும் என்.சி.இ.ஆர்.டி. 2006-இல் கொண்டுவந்த 'பீஹைவ்' முதன்மைப் பாடநூல், 'மொமென்ட்ஸ்' துணைப்பாடம். முதல் புத்தகத்தில் 11 உரைநடைப் பாடங்கள் (கடைசிப் பாடம் ஓரங்க நாடகம்), 10 கவிதைகள். இரண்டாவதில் 10 பாடங்கள். வாரத்தில் ஆங்கிலத்துக்கு ஆறு பீரியட். இரண்டு இலக்கணத்துக்குப் போய்விடும், மீதி நான்கு இலக்கியத்துக்கு. ஓர் உரைநடைக்கு இரண்டு வாரம், இரண்டாவது வாரத்தின் நடுவில் ஒரு கவிதை என்று மிஸ் கணக்கு வைத்திருந்தார். துணைப்பாடத்தை வீட்டில் வாசித்துவிட்டு வர வேண்டும். வகுப்பில் பேச்சு மட்டும்தான்.

திங்கட்கிழமை விளக்கமே கிடையாது. புத்தகத்தைத் திறந்து பத்திகளுக்குப் பென்சிலால் எண் போடுவோம். கவிதையென்றால் ஐந்து வரிக்கு ஓர் எண். வீண் வேலை போலத் தெரியும் இதுதான் முழு முறைக்கும் அடித்தளம். எண் இல்லாவிட்டால் 'எந்த வரியில்' என்ற கேள்விக்குப் பக்கத்தைப் புரட்டிப் புரட்டியே பீரியட் போய்விடும். பிறகு ஒருமுறை மௌன வாசிப்பு. தெரியாத சொற்களில் ஐந்துக்கு மட்டும் கோடு போடலாம். முதலில் அந்த வாக்கியத்தை வைத்துப் பொருளை ஊகித்து எழுத வேண்டும், அகராதி அப்புறம்தான். ஐந்துக்கு மேல் அனுமதிக்காததற்குக் காரணம் உண்டு. இருபது சொல்லுக்குப் பொருள் எழுதுகிற பிள்ளை கதையை விட்டுவிட்டுச் சொல்லையே பிடித்துக்கொண்டிருக்கும்.

செவ்வாய்க்கிழமை வாய்விட்டு வாசிப்பு. கவிதையில் எல்லோரும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு: வரி முடிந்ததும் நிறுத்திவிடுவது. நிறுத்தற்குறி இருக்குமிடத்தில்தான் நிறுத்த வேண்டும், வரி முடிவில் அல்ல. இதை மட்டும் சரிசெய்துவிட்டால் பாதிக் கவிதை விளக்கமில்லாமலே புரிந்துவிடுகிறது.

புதன்கிழமைதான் வகுப்பின் உயிர். பாடத்தைப் பற்றி ஒவ்வொருவரும் ஒரு கருத்துச் சொல்ல வேண்டும், வரி எண்ணோடு. ராபர்ட் ஃப்ராஸ்டின் இரு பாதைக் கவிதைக்கு வகுப்பே ஒரே குரலில் 'அவர் யாரும் அதிகம் போகாத பாதையைத் தேர்ந்தெடுத்தார்' என்று சொல்லும். கடைசிப் பத்தி அப்படித்தான் சொல்கிறது. ஆனால் 9, 10, 11-ஆம் வரிகளுக்குப் போனால், இரண்டு பாதைகளும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தேய்ந்திருந்தன, அன்று காலையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் கிடந்தன என்று அவரே சொல்லியிருக்கிறார். அப்படியானால் கடைசிப் பத்தி? அது பல வருடம் கழித்துப் பெருமூச்சோடு தான் சொல்லப்போவது என்று 16-ஆம் வரியிலேயே எச்சரித்துவிடுகிறார். கைடில் இருந்த விடை முதல் பாதியோடு நின்றுவிடும். வரியைத் தேடிப் போனவர்களுக்கே இரண்டாவது பாதி கிடைத்தது.

'காற்று' கவிதை வந்த வாரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பாரதியின் வசன கவிதை, ஏ.கே. ராமானுஜனின் ஆங்கிலத்தில். தமிழ்ப் பிள்ளைகளுக்கு அது இரட்டைப் பாக்கியம். மிஸ் தமிழ் மூலத்தையும் கொண்டுவந்து முதலில் அதைத்தான் வாசிக்கச் சொன்னார். அதன் பிறகு பயிற்சி: காற்று நொறுக்குகிற நொய்ந்த பொருள்களை இடது பக்கம் எழுது. வீடு, கதவு, கூரை, மரம், உடல், உயிர், உள்ளம் என்று ஏழு. நாம் உறுதிப்படுத்த வேண்டியவற்றை வலது பக்கம் எழுது. ஆங்கிலத்தில் வீடு, கதவு, உடல், உள்ளம் என்று நான்கு. தமிழில் உயிரும் சேர்ந்து ஐந்து. இரண்டு பட்டியலையும் கோடிட்டு இணைத்தால் கவிதையின் கட்டுமானம் கண்முன் நிற்கும். வெளியே இருக்கும் வீட்டில் தொடங்கி உள்ளே இருக்கும் மனத்தில் போய் முடிகிறது. சேதமும் அதே வரிசை, பழுதுபார்ப்பும் அதே வரிசை. 'காற்று எதற்குக் குறியீடு?' என்ற கேள்வியை மிஸ் இதற்குப் பிறகுதான் கேட்டார். பட்டியல் போடாமல் நேரே குறியீட்டுக்குத் தாவுகிறவர்கள் 'துன்பம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். வலிய தீயை அதே காற்று வளர்க்கிறது, அதன் தோழமை நல்லது என்ற முடிவு அவர்கள் விடைக்குள் வராது.

வெள்ளிக்கிழமை எழுத்து வேலை. நீள நோட்டில் வலது பக்கம் விடை, இடது பக்கம் திருத்தத்துக்காகக் காலி. சிறு விடை 40 சொல், நெடு விடை 120 சொல். எத்தனை சொல் என்பதை ஓரத்தில் குறித்துவிட வேண்டும். பத்து மதிப்பெண்ணில் கருத்துக்கு 3, ஆதாரத்துக்கு 3, மொழிக்கு 2, அளவுக்கு 2. ஆதாரத்துக்கும் கருத்துக்கும் ஒரே மதிப்பெண் வைத்தது மிகச் சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

பாத்திரப் படைப்பு எழுதுவதற்கு ஒரு வாய்ப்பாடு இருந்தது: ஒரு குணம், அதைக் காட்டும் ஒரு நிகழ்ச்சி, பாடத்திலிருந்து ஒரு சிறு தொடர். அப்துல் கலாமின் இளமைக்காலப் பாடத்தில் இது அவசியம் தேவைப்பட்டது. அங்கே இரண்டு பெரியவர்கள் வருகிறார்கள். கலாமைப் பின் வரிசைக்கு அனுப்பிய புது ஆசிரியரைக் கூப்பிட்டுக் கண்டித்தவர் லட்சுமண சாஸ்திரி. தன் வீட்டுக்குச் சாப்பிட அழைத்து, மனைவி மறுத்தபோது தானே பரிமாறியவர் அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர். பெரும்பாலோர் இருவரையும் ஒருவராக்கி 'சாதி வேற்றுமை பார்க்காத நல்லவர்' என்று எழுதிவிடுவார்கள். நிகழ்ச்சியை எழுதியாக வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால் இந்தக் குழப்பம் வராது. ஒருவர் அநீதியைத் தட்டிக்கேட்டார். மற்றவர் பொறுமையாக இருந்து, அடுத்த வாரமே மறுபடியும் அழைத்து, தன் மனைவியையும் மாற்றினார். இரண்டும் வேறு வேறு குணம்.

திருத்தம் பக்கத்து மாணவர் கையால், பென்சிலில். எழுத்துப்பிழைக்கு வட்டம், ஆதாரமில்லாத வாக்கியத்துக்கு நெளிகோடு, மிகுதியான சொல்லுக்குக் குறுக்குக்கோடு. மிஸ் அதன் மேல் சிவப்பு மையால் பார்ப்பார். அடிக்கடி நெளிகோடு வாங்கிய தவறு, கவிஞரையும் கவிதைக்குள் பேசுகிறவரையும் ஒன்றாக்குவது. அடுத்தது, நடந்துமுடிந்த காலத்தில் தொடங்கிய கதைச் சுருக்கம் பாதியில் நிகழ்காலத்துக்கு மாறுவது. விடை முழுவதையும் திரும்ப எழுதச் சொல்ல மாட்டார்; குறி விழுந்த வாக்கியத்தை மட்டும் இடது பக்கத்தில் எழுதினால் போதும். முழுதாக எழுதச் சொன்னால் பிள்ளைகள் யோசிக்காமல் பார்த்து எழுதிவிடும் என்பது அவர் கணிப்பு.

நாடகத்துக்கு முறையே வேறு. மேடைக்குறிப்புகளை வாசிக்கத் தனியாக ஒருவர். தொலைபேசி, பயணப் பை, அலமாரிக் கதவு என்று கிடைத்ததை வைத்துக்கொள்வோம். 'பீஹைவ்' கடைசிப் பாடமான நாடகத்தின் நாயகன் ஜெரார்டாக வாசிப்பவர்கள் பதற்றமாகக் கத்துவார்கள்; அவன் நிதானமாகப் பேசினால்தான் துப்பாக்கியோடு வந்தவன் ஏமாறுவது நம்பும்படி இருக்கும்.

சங்க மலரைத் தொகுக்கும் குழுவினர் சார்பாக ஒரு வேண்டுகோள். அந்த நீள நோட்டுகள் யாரிடமாவது இருந்தால், ஒரு பாடத்துக்கான பக்கங்களையாவது ஸ்கேன் செய்து அனுப்புங்கள். வலது பக்கத்தோடு இடது பக்கமும், நெளிகோடுகளும் சிவப்பு மையும் தெரிகிற மாதிரி இருக்கட்டும்; பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியவை அவைதான்.