பியூஸ் கட்டை சட்டைப் பையில் இருக்கட்டும்

மேற்கு மாம்பலத்தில் அந்த வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டது பியூஸ் பெட்டிக்காக அல்ல. கிரைண்டரைத் தொட்டால் சுர்ரென்கிறது, வந்து பாருங்கள் தம்பி என்றுதான் அந்த அம்மா போனில் சொன்னார். ஓய்வு பெற்ற ஆசிரியை. வயது எழுபதைத் தாண்டியிருக்கும். ரப்பர் செருப்பு ஒரு ஜோடியைச் சமையலறையிலேயே வைத்திருந்தார். மாவு அரைக்கும்போது மட்டும் போட்டுக்கொள்ளும் செருப்பு. "மூன்று வருடமாக இப்படித்தான் ஓடுகிறது" என்றார், மூட்டுவலியைப் பற்றிச் சொல்வதுபோல.

கிரைண்டரில் கசிவு இருந்தது உண்மை. கசிந்த மின்சாரம் எர்த் கம்பி வழியாக மண்ணுக்குப் போயிருக்க வேண்டுமே, ஏன் போகவில்லை என்று பின்கட்டுக்குப் போய்ப் பார்த்தேன். எர்த்துக்கென்று தனியாகக் குழி தோண்டாமல், குடிதண்ணீர் வரும் இரும்புக் குழாயில் கம்பியைச் சுற்றிவிடுவது பழைய வீடுகளில் நான் பார்த்துச் சலித்த வழக்கம். இங்கும் அதே கதைதான். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு பிளம்பர் ஒருவர் துருப்பிடித்த இரும்புக் குழாயை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் குழாய் போட்டிருக்கிறார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. எர்த் கம்பியைத் தூக்கி எறியாமல், பொறுப்பாகப் புதுக் குழாயிலும் அதே இடத்தில் மூன்று சுற்றுச் சுற்றி, இறுக்கி முடிச்சும் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

அதன் பிறகுதான் கூடத்துக் கதவுக்கு மேலே இருந்த பியூஸ் போர்டு என் கண்ணில் பட்டது. தேக்குப் பலகை, அதில் இரண்டு வரிசையாகப் பீங்கான் கட்டைகள். ஒன்றை உருவினேன். திருகுகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. பியூஸ் கம்பி இருக்க வேண்டிய இடத்தில், ஏதோ ஒரு பிளெக்சிபிள் வயரிலிருந்து உரித்த செம்பு இழைகள், ஆறோ ஏழோ, பூத்தொடுப்பதுபோல முறுக்கிக் கட்டப்பட்டிருந்தன.

அந்தக் கைவேலை எனக்குத் தெரிந்ததுதான். நானும் ஒரு காலத்தில் அப்படிக் கட்டியவன்.

ஐ.டி.ஐ. முடித்துவிட்டு நான் அண்ணாச்சி ஒருவரிடம் உதவியாளாகச் சேர்ந்த புதிது. திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனுக்கு வாரம் இரண்டு முறையாவது போக வேண்டியிருந்தது. அறைக்கு நான்கு பேர், அதில் இரண்டு பேர் மேலாளருக்குத் தெரியாமல் வாளியில் ஹீட்டர் போட்டு வெந்நீர் வைப்பார்கள், ஒருவர் இஸ்திரி போடுவார். காலை ஏழு மணிக்குப் பியூஸ் போகும். மேலாளர் என்னைப் பார்த்தாலே, "நீ கட்டிவிட்டுப் போனது நேற்றும் போய்விட்டது" என்று ஏசுவார். ஒரு நாள் ரோஷம் வந்து நான்கு இழைச் செம்பை மடித்துக் கட்டிவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு மாதம் அழைப்பே இல்லை. நல்ல வேலைக்காரன் என்று பெயரும் வாங்கினேன்.

அடுத்த முறை அண்ணாச்சி வந்து கட்டையை உருவிப் பார்த்தார். எதுவும் பேசாமல் மாடி அறைக்கு என்னை அழைத்துப் போய், அலமாரியை நகர்த்தி, சுவரோடு போன மரச்சட்டத்து வயரைக் காட்டினார். ரப்பர் உறை பழுப்பேறி, விரலால் தொட்டதும் அப்பளம்போல நொறுங்கி விழுந்தது. "பியூஸ் போகக் கூடாது என்று கட்டினாய் அல்லவா, அது போகவில்லை. அதற்குப் பதில் இது போய்க்கொண்டிருக்கிறது" என்றார். நாலணா கம்பி உருகி முடிய வேண்டிய விஷயத்தை நான் சுவர் முழுக்கப் பரப்பிவைத்திருந்தேன். ஒழுங்காக அளவு பார்த்துக் கட்டிய பியூஸ் கம்பியே அதன் குறித்த அளவைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு மின்னோட்டம் வந்தால்தான் உருகும். அதற்கு மேல் நாமும் மடித்துக் கட்டினால் வயரின் கதி என்ன?

மாம்பலத்து அம்மாவிடம் இந்தக் கதையைச் சொல்லவில்லை. போர்டை மாற்ற வேண்டும், எர்த் புதிதாகப் போட வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அவருடைய மகன் பெங்களூரிலிருந்து போனில் பேசினார். "பெட்டியை நானே ஆன்லைனில் வாங்கி அனுப்பிவிடுகிறேன், பழைய வயர்களை அப்படியே புதியதில் மாட்டிவிட வேண்டியதுதானே, ஒரு மணி நேர வேலை" என்றார். பல வீடுகளில் கேட்ட பேச்சுதான். பல்பு, மின்விசிறி, சுவிட்ச், பியூஸ் கம்பி ஆகியவற்றைத் திறனும் தன்மையும் மாறாதபடி மாற்றிக்கொள்ள 1956 ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளிலேயே வீட்டுக்காரருக்கு இடம் கொடுத்திருந்தார்கள். அதைத் தாண்டிய வயரிங் வேலை எதுவானாலும் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் எடுத்துச் செய்ய வேண்டும், தகுதிச் சான்றிதழ் உள்ளவர் கூட நின்று மேற்பார்க்க வேண்டும். பிறகு வந்த மத்திய மின்சார ஆணைய ஒழுங்குமுறைகளும் இதே வரம்பைத்தான் வைத்திருக்கின்றன. பியூஸ் கம்பியை மாற்றுவது ஒன்று, பியூஸ் பெட்டியை மாற்றுவது வேறொன்று. கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் உரிமம் வழங்கும் வாரியத்தின் படிகளை நானும் ஏறி இறங்கியவன் என்பதால், யாரோ ஒரு மணி நேரத்தில் மாட்டிவிடுவார் என்று கேட்கும்போது சற்று எரிச்சல் வரும். அதை மறைக்கப் பழகியிருக்கிறேன்.

மெயின் சுவிட்சையும் சேர்த்து மாற்ற வேண்டியிருந்ததால் மீட்டருக்கு முன்னால் இருக்கும் சர்வீஸ் பியூசை எடுத்தாக வேண்டும். அது மின்வாரியத்தின் சொத்து. சீல் வைத்தது. அந்தச் சீலைக் கையால் அறுத்துவிட்டு வேலையை முடித்துக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அந்தத் துணிச்சல் கிடையாது. பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, சொன்ன நாளில் வயர்மேன் வந்து பியூஸ் கட்டையை உருவினார். உருவிய கட்டையை அவர் மீட்டர் பெட்டியின் மேல் வைக்கப் போனார். வாங்கி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இது அண்ணாச்சி வைத்த பழக்கம். வேலை நடக்கும் வீட்டில் யாராவது ஒரு நல்ல மனிதர், கரண்ட் இல்லையே என்று, கண்ணில் பட்ட கட்டையை எடுத்துச் செருகிவிடுவார். கெடுதல் செய்ய நினைப்பவரைவிட உதவி செய்ய நினைப்பவர்தான் இந்தத் தொழிலில் ஆபத்தானவர்.

கட்டை பையில் இருந்தாலும் கையை உடனே வைப்பதில்லை. பக்கத்துப் போர்ஷனில் கரண்ட் உள்ள பிளக்கில் டெஸ்ட் லாம்பை எரியவிட்டுப் பார்த்து, இங்கே வந்து, மின்சாரம் வரும் கம்பியான பேசுக்கும் அது திரும்பிப் போகும் கம்பியான நியூட்ரலுக்கும், பேசுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் வைத்துப் பார்த்து, மறுபடி அங்கே போய் லாம்பு இன்னும் எரிகிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். நடுவில் லாம்பின் இழையே அறுந்திருந்தால்? கூட வந்த பையன் சிரித்தான். சிரிக்கட்டும். நான் சிரிக்காததற்குக் காரணம் என் வலது கை.

அது மந்தைவெளியில் நடந்தது. அந்தக் காலத்து வயரிங்கில் ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் இரட்டைப் பியூஸ், பேசில் ஒன்று, நியூட்ரலில் ஒன்று. நியூட்ரலில் பியூசோ தனி சுவிட்சோ இருக்கக் கூடாது, துண்டித்தால் இரண்டும் சேர்ந்துதான் துண்டிக்க வேண்டும் என்பது பழைய விதிகளிலேயே இருந்தது. ஆனாலும் பழைய போர்டுகளில் அந்த இரண்டாவது கட்டை உட்கார்ந்துகொண்டுதான் இருந்தது. அன்று நியூட்ரல் பியூஸ் மட்டும் போயிருந்தது. விளக்கு எரியவில்லை, மின்விசிறி சுற்றவில்லை. கரண்ட் இல்லை என்று நானாக முடிவுகட்டி ஹோல்டரைத் திறந்தேன். பேஸ் அப்படியே 230 வோல்ட்டோடு காத்துக்கொண்டிருந்தது. ஏணியிலிருந்து விழுந்ததில் மணிக்கட்டு உடைந்தது. மழை நாளில் இன்றும் அது எனக்கு ஞாபகப்படுத்தும்.

மாம்பலத்துப் போர்டிலும் அதே இரட்டைக் கட்டைகள். ஒவ்வொரு கம்பியாகக் கழற்றி, துணி டேப்பில் எண் எழுதி ஒட்டினேன். இந்த வேலைக்குத்தான் பாதி நாள் போனது. எந்தக் கம்பி எந்த அறைக்குப் போகிறது என்று அந்த வீட்டில் உயிரோடு இருக்கும் யாருக்கும் தெரியாது. வயர் உறையில் கசிவு இருக்கிறதா என்று காட்டும் ஐந்நூறு வோல்ட் மெக்கரை வைத்துப் பார்த்ததில், சமையலறை லைன் ஒரு மெகா ஓமுக்கு ரொம்பக் கீழே நின்றது. அதை இழுத்துப் போட்டுவிட்டுப் புது வயர் இழுக்காமல் பெட்டியை மாட்ட மாட்டேன் என்றேன். மகன் மறுபடி போனில். இந்த முறை அம்மாவே பேசிவிட்டார்: "அவர் சொல்கிறபடி செய்யட்டும், நீ வை."

பியூஸ் கட்டைக்குப் பதிலாக வரும், அளவு மீறினால் தானே விழும் சுவிட்சான எம்.சி.பி.யைத் தேர்வு செய்யும் இடத்தில்தான் பெரும்பாலோர் தடம் மாறுவார்கள். கடையில் போய், ஏசி இருக்கிறது, பெரியதாகக் கொடு என்று 32 ஆம்பியர் வாங்கி வருவார்கள். எம்.சி.பி. காப்பாற்ற வேண்டியது ஏசியை அல்ல, சுவருக்குள் இருக்கும் வயரை. அந்த வீட்டு விளக்கு லைன்களில் பழைய 3/22 செம்பு, அதாவது 22 ஆம் எண் கம்பி மூன்று இழை, ஓடியது. கணக்குப் பார்த்தால் 1.2 சதுர மில்லிமீட்டர்கூட வராது. அதற்கு 6 ஆம்பியர்தான் போட்டேன். புதிதாக இழுத்த 2.5 சதுர மில்லிமீட்டர் லைனுக்கு 16. எல்லாவற்றுக்கும் முன்னால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இரண்டு கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள வீட்டு இணைப்புகளுக்கு இதைச் சட்டமே கேட்கிறது. அம்மாவிடம் அதை வேறு மாதிரி சொன்னேன்: போகிற மின்சாரமும் திரும்பி வருகிற மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்று இது ஓயாமல் எண்ணிக்கொண்டிருக்கும், கணக்கு உதைத்தால் உடனே கையை உதறிவிடும். "பேங்க் கேஷியர் மாதிரி" என்றார். ஆசிரியை அல்லவா.

பின்கட்டில் குழி தோண்டி இரண்டரை மீட்டர் இரும்புக் குழாயை இறக்கி, கரியும் உப்பும் போட்டு எர்த் அமைத்தோம். வயர்மேன் வந்து சர்வீஸ் பியூசைப் போட்டார். எல்லாம் எரிந்தது. ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானை அழுத்தினேன், டப்பென்று விழுந்தது. அம்மா காப்பி கொடுத்தார். பணத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து குளித்துக்கொண்டிருக்கும்போது போன்.

மாலை ஆறரைக்கு வீடு முழுக்க இருட்டு. தூக்கிவிட்டால் நிற்கிறது, கொஞ்ச நேரத்தில் மறுபடி விழுகிறது. பழைய பீங்கான் கட்டையே நன்றாக இருந்தது என்று மகன் சொல்லிவிட்டாராம். மறுபடி போனேன். ஒவ்வொரு எம்.சி.பி.யாக இறக்கி ஏற்றியதில், மாடிப்படி விளக்கைப் போடும்போதுதான் விழுகிறது என்று தெரிந்தது. ஒன்பது வாட் எல்.இ.டி. பல்பு. ஒரு பல்பு வீட்டையே இருட்டாக்குமா?

ஆக்கும். அந்த விளக்குக்குப் பேஸ் அம்மாவின் கீழ்வீட்டிலிருந்து போனது, நியூட்ரலை மட்டும் யாரோ எப்போதோ, வயரை மிச்சம் பிடிக்க, மாடி வாடகை வீட்டு லைனிலிருந்து எடுத்திருந்தார். மாடிக்குத் தனி மீட்டர். கீழே இருந்து போன மின்சாரம் மேலே வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. ஒன்பது வாட் என்றாலும் 40 மில்லி ஆம்பியராவது இழுக்கும், ஆர்.சி.சி.பி.க்கோ 30 போதும். கேஷியர் சரியாகத்தான் எண்ணியிருக்கிறார். ஏணியில் ஏறி, பத்தடி வயர் இழுத்து, நியூட்ரலைக் கீழ்வீட்டுக்கே திருப்பினேன். அதற்குப் பிறகு விழவில்லை. கிரைண்டரையும் பழுது பார்த்துக் கொடுத்தேன். அடுத்த மாதம் போனபோது ரப்பர் செருப்பு வாசலில் கிடந்தது.

அந்த வேலையைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டுக்காரரும் பெட்டியை மாற்றச் சொன்னார், செய்துகொடுத்தேன். ஐப்பசி மழையில் அவர் வீட்டு ஆர்.சி.சி.பி. விழ ஆரம்பித்தது. போய்ப் பார்த்தேன், கேட் தூணின் மேல் இருக்கும் விளக்குக் கூண்டில் தண்ணீர் இறங்குகிறது. கூண்டை மாற்றுங்கள் என்றேன். "அதற்கு ஆள் பிடிக்க வேண்டும், தூணை உடைக்க வேண்டும். இப்போதைக்கு அந்த ஆர்.சி.சி.பி.யை எடுத்துவிட்டு நேராகக் கொடுத்துவிடுங்களேன் சார், மழை முடிந்ததும் போட்டுக்கொள்ளலாம்" என்றார். முடியாது என்றேன். கேட் விளக்கு லைனை மட்டும் பெட்டியில் கழற்றிவைத்து, டார்ச் வைத்துக்கொள்ளச் சொன்னேன். முகத்தைத் தூக்கிக்கொண்டார்.

போன வாரம் மாம்பலம் பக்கம் போனபோது அவரை டீக்கடையில் பார்த்தேன். விளக்கு எரிகிறதா என்று விசாரித்தேன். "ஒரு பையன் வந்தான், ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டான். இப்போது எவ்வளவு மழை பெய்தாலும் எதுவும் விழுவதில்லை" என்றார். டீக்குக் காசும் அவரே கொடுத்தார். பெட்டியைத் திறந்து பார்க்கட்டுமா என்று கேட்டேன், இன்னொரு நாள் என்றார். அவர் வீட்டுக் கேட் இரும்புக் கேட். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் அதில் ஏறி ஆடுவதை நான் பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட் லாம்பை எடுத்துக்கொண்டு போகலாமென்று இருக்கிறேன்.